எழுதும் பொழுது

பாட்டுக்கு இலக்கணம் வகுத்த தமிழர், நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே வைத்து முதற்பொருள் என்று பெயரிட்டனர். ஒரு நிகழ்ச்சி எங்கே நடக்கிறது என்பதோடு எந்நேரத்தில் நடக்கிறது என்பதும் தெளிவான பின்னரே பாட்டு தொடங்க இயலும் என்பது அவர்தம் கொள்கை. ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து நாழிகை அளித்தனர். முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், மருதத்துக்கு வைகறையும் விடியலும், பாலைக்கு நண்பகல், நெய்தலுக்கு எற்பாடு என்பது அந்தப் பங்கீடு. ஆயினும் இவை யாவும் பாட்டுக்குள் வாழும் மாந்தருக்கு உரிய பொழுதுகள். தலைவி எப்போது காத்திருப்பாள் என்று சொல்லும் இலக்கணம், அவளைப் பாடிய புலவர் எப்போது எழுத்தாணியைக் கையில் எடுத்தார் என்று சொல்லவில்லை.

அந்த வினாவுக்கு வீட்டுப் பெரியோர் நெடுங்காலமாக ஒரே விடையைத்தான் வைத்திருக்கின்றனர். அது வைகறை. நான்கு மணிக்கு எழுந்தால் மனம் தெளிவாக இருக்கும், படித்தது நிலைக்கும், எழுதுவது சிறக்கும். இராமேசுவரம் தீவில் இந்த அறிவுரைக்குக் கூடுதல் வலிமை உண்டு. தங்கச்சிமடத்தை அடுத்த பேய்க்கரும்பில் அப்துல் கலாம் துயில்கிறார். 2015ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் அவர் உடல் அங்கு அடக்கம் செய்யப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அவரது நினைவு நாளான சூலை 27 அன்று தேசிய நினைவகம் திறக்கப்பட்டது. பேருந்துகளில் வந்து இறங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் வாழ்விலிருந்து தவறாமல் எடுத்துச் சொல்லப்படும் செய்திகளுள் ஒன்று, அவர் நான்கு மணிக்கு எழுந்தார் என்பது.

செய்தி உண்மையே. கலாம் தாமே அதை எழுதியிருக்கிறார். கணிதம் கற்பித்த ஆசிரியர் ஆண்டுதோறும் சில மாணவர்களுக்குக் கட்டணமின்றிப் பாடம் சொல்வார். நீராடிவிட்டு வராதவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார். ஆகவே சிறுவன் கலாம் இருள் பிரியுமுன் எழுந்து, குளித்து, பாடத்துக்கு ஓடினான். அதன்பின் அரபுப் பள்ளி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதற்கும் பின் ஒரு வேலை சேர்ந்தது: ஓடும் தொடர்வண்டியிலிருந்து வீசப்பட்ட நாளிதழ்க் கட்டுகளைப் பொறுக்கி எடுத்து வீடுதோறும் சேர்ப்பது.

ஆனால் அதே மனிதர் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். மண்ணெண்ணெய் அரிதாகக் கிடைத்த அந்நாளில், வீட்டு விளக்குகள் அணைந்த பிறகும் மகன் படிக்கவேண்டும் என்பதற்காகத் தாய் சிறிதளவு எண்ணெயைச் சேமித்துத் தனி விளக்கு ஒன்று கொடுத்தார். பிற்காலத்தில் அவர் நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து பணியாற்றும் இயல்புடையவராக இருந்தார் என்பதை உடன் பணிபுரிந்தோர் பதிவு செய்துள்ளனர். ஏவூர்தியும் ஏவுகணையும் செய்தவர், தமிழில் கவிதையும் எழுதியவர். அவரை வைகறையின் சாட்சியாக மட்டும் நிறுத்துவது பாதிக் கதையைச் சொல்வதாகும்.

பிற நாட்டார் கதைகளும் இப்படித்தான் இரு பக்கம் இழுக்கின்றன. ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் அஞ்சல் துறையில் உயர் அலுவலர். நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்வார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால்மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று கணக்கிட்டு மூன்று மணி நேரம் எழுதுவார், பிறகு அலுவலகம். இவ்வாறு அவர் எழுதி முடித்த நாவல்கள் 47. எழுத்து என்பது அருள் வந்து பொழிவது என்று நம்பியவர்களுக்கு, 1883இல் வெளியான அவருடைய தன்வரலாற்றில் கண்ட இந்தக் கணக்கு பிடிக்கவில்லை. நாவலைச் செங்கல் அறுப்பது போல் அறுத்தார் என்று எள்ளினர். ஆனால் செங்கல் அறுப்பவரும் அதிகாலையில்தான் தொடங்குகிறார். வெயில் ஏறினால் கை ஓடாது என்பது அவருக்குத் தெரியும். எள்ளலில் பாராட்டும் கலந்திருந்ததை எள்ளியவர்கள் அறியவில்லை.

பிராகா நகரத்துக் காஃப்கா நேர் எதிர். தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பிற்பகல் இரண்டு மணி வரை வேலை. வீட்டில் ஓயாத சந்தடி. எல்லோரும் உறங்கிய பின்னர், இரவு பத்து பதினொரு மணிக்குத்தான் அவர் தாளை எடுப்பார். 1912 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர், மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு முழுக் கதையுடன் எழுந்தார். ‘தீர்ப்பு’ என்னும் அக்கதை ஒரே இரவில் எழுதப்பட்டது. மேசைக்கு அடியிலிருந்து எடுப்பதே அரிதாகும் அளவுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. ஆயினும் எழுதவேண்டியது இப்படித்தான் என்று நாட்குறிப்பில் மகிழ்ந்து குறித்துவைத்தார்.

இவ்விருவருள் யார் சரி என்று கேட்பது, கொண்டல் காற்று சரியா கச்சான் காற்று சரியா என்று பாம்பன் மீனவரிடம் கேட்பதைப் போன்றது. எந்தப் பாய்க்கு, எந்தத் திசைக்கு என்று அவர் திருப்பிக் கேட்பார்.

உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. அது இயங்கும் முறையை மரபணு அளவில் கண்டறிந்த மூவருக்கு 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. எல்லோருக்கும் அக்கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டுவதில்லை. சிலர் பிறவியிலேயே முன்தூங்கிகள், சிலர் பின்தூங்கிகள். பதின்பருவத்தில் அது எல்லோருக்குமே சற்றுப் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு இரவு பதினொரு மணிக்கு உறக்கம் வராததும், காலையில் கண் திறவாததும் சோம்பலால் மட்டும் வருவதில்லை. நான்கு மணிக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பும் பெற்றோர் இதைக் கொஞ்சம் அறிந்திருப்பது நல்லது.

2011இல் மரைக்கே வீத், ரோஸ் சாக்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர், கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு இன்னும் வியப்பானது. படிப்படியாகக் கணக்கிட்டுத் தீர்க்க வேண்டிய புதிர்களில் பொழுதால் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. ஆனால் திடீரென ஒரு பொறி தட்டினால் மட்டுமே அவிழும் புதிர்களை, மாணவர்கள் தமக்கு ஒவ்வாத பொழுதில்தான் கூடுதலாக அவிழ்த்தனர். விழிப்பு மிகுந்த மனம் தேவையற்றதைத் தள்ளிவிடும். சற்றே தளர்ந்த மனம் தொடர்பில்லாததையும் உள்ளே விடும் என்பது அதற்கு அவர்கள் கூறிய விளக்கம். கற்பனைக்குத் தொடர்பில்லாத இரண்டு பொருள்களின் சந்திப்பு வேண்டும். ஒரு படைப்பைத் தொடங்குவதற்குத் தூக்கக் கலக்கமும், அதைத் திருத்துவதற்குத் தெளிவும் உதவக்கூடும் என்று இதிலிருந்து ஊகிக்க இடமுண்டு.

இவ்வளவு கூறிய பின்னும், இந்த ஆய்வுகளும் சான்றோர் வரலாறுகளும் ஒன்றைப் பெரும்பாலும் கேட்காமலே விட்டுவிடுகின்றன. எழுதுபவர் தமக்கு உகந்த பொழுதைத் தெரிந்துகொள்ளலாம். அந்தப் பொழுது அவருடையதாக இருக்கிறதா?

தங்கச்சிமடத்தின் ஒரு நாளைப் பார்த்தால் இக்கேள்வி விளங்கும். ஊரின் ஒரு பாதி கடலையும், மறு பாதி மணலையும் நம்பி வாழ்கிறது. இங்குள்ள மணற்பாங்கான தோட்டங்களில் பதியமிடப்படும் மல்லிகை நாற்றுகள் தமிழகத்தின் பல பகுதிகளுக்கும் செல்கின்றன. மல்லிகையை மலராகப் பறித்தால் விலை இல்லை, மொட்டாகவே பறிக்கவேண்டும், அதற்கு வெயிலுக்கு முந்திய நேரமே உரியது. கடலுக்குச் செல்வோர் வீட்டிலும் வைகறை ஓய்வுப் பொழுதன்று. சோறும் குழம்பும் தூக்குச்சட்டியில் ஏறவேண்டும். விசைப்படகுகள் வாரத்தில் குறித்த நாள்களில் மட்டும் புறப்பட்டு மறுநாள் காலை கரை திரும்பும். நாட்டுப்படகுகள் மற்ற நாள்களில் செல்லும். படகு திரும்பும் காலை, மீனைத் தரம் பிரிப்பதிலும் விற்பதிலும் கழியும். புலவர் போற்றும் வைகறை, இவ்வூரில் உடலுழைப்பு கொள்ளைகொண்ட பொழுது. யாமமோ, போன படகு நல்லபடியாகத் திரும்ப வேண்டுமே என்ற நினைப்பில் பலருக்கு விழித்தே போகிறது.

ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடல் ஓய்கிறது, வீடு ஓய்வதில்லை. ஆண்கள் எல்லோரும் கரையில் இருப்பர், வலை பழுதுபார்க்கப்படும், பள்ளியும் விடுமுறையில் இருப்பதால் சிறிய வீடு நிறைந்து வழியும். கையில் காசும் இராது. தனிமையில் ஒரு பக்கம் எழுத நினைக்கும் மாணவிக்கு ஆண்டிலேயே மிகக் கடினமான காலம் அதுவாகத்தான் இருக்கும்.

டிரோலப்பின் மூன்று மணி நேரம் அவர் ஒருவருடைய உறுதியால் மட்டும் கிடைத்ததன்று. அவரை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்கென்றே முதிய பணியாள் ஒருவர் இருந்தார். அதற்காக அவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் கூடுதல் ஊதியம். தம் வெற்றிக்கு வேறு எவரையும்விட அம்முதியவருக்கே மிகுதியும் கடன்பட்டிருப்பதாகக் கருதலாம் என்று டிரோலப் எழுதினார். நான்கு மணிக்கு எழுந்த கலாமை எழுப்பியவர் தாய் ஆசியம்மா. அவர் நான்கு மணிக்கு முன்பே எழுந்திருக்க வேண்டும். அந்தத் தனி விளக்கின் எண்ணெயும் அவருடைய சேமிப்பு. கலாம் இவற்றை மறவாமல் எழுதினார். எழுதாமல் விட்டவர்கள் எத்தனையோ பேர்.

எழுப்புவதற்கு எவரும் இல்லாதவர் நிலைக்கு அண்மைக்காலச் சான்று கவிஞர் சல்மா. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் பிறந்தவர். பூப்பெய்தியதும் பள்ளிப்படிப்பு நின்றது. திருமணமான பின் எழுதுவதை வீட்டார் ஏற்கவில்லை. இரவில், எல்லோரும் உறங்கிய பிறகு, கழிப்பறைக்குள் நின்றுகொண்டு அவர் கவிதை எழுதினார். அத்தாள்களைத் தாய் மறைத்து வெளியே கொண்டுசேர்த்தார். முதல் தொகுப்பு 2000இல் வந்தது. பின்னர் வெளியான நாவலுக்கு ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்று பெயர். இரண்டாம் சாமம் அவருக்கு உகந்த பொழுதா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அக்கேள்விக்குப் பொருளில்லை. இருபத்துநான்கு மணி நேரத்தில் பிறர் கண் படாத நேரம் அது ஒன்றுதான்.

தங்கச்சிமடத்துப் பெண்களுக்கு அத்தகைய நேரம் ஒன்று உண்டென்றால் அது பிற்பகலாக இருக்கலாம். மீன் விற்றாயிற்று, பூ சந்தைக்குப் போயிற்று, கடலுக்குப் போய் வந்தவர் உறங்குகிறார், பிள்ளைகள் பள்ளியில் இருக்கின்றனர். தென்னை நிழல் முற்றத்தில் நீளத் தொடங்கும். எற்பாடு என்னும் சொல்லுக்குப் பொருள் கொள்வதில் உரைகாரரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் பிற்பகல் என்பதே பெருவழக்கு. நெய்தலுக்கு அந்தப் பொழுதை உரியதாக்கிய பழைய இலக்கணத்தார், கடற்கரை வீடுகளில் யாருக்கு எப்போது மூச்சுவிட நேரம் கிடைக்கிறது என்பதை உற்றுப் பார்த்திருக்கலாம் என்றே தோன்றுகிறது.

அந்நேரமும் நெடிதன்று. ஒன்றரை மணி, மிஞ்சினால் இரண்டு மணி. மகளின் பழைய குறிப்பேட்டில் மீந்திருக்கும் தாள்களில் ஓர் அம்மா நான்கு வரி எழுதி, ஐந்தாவதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே பள்ளிப் பேருந்தின் ஒலி தெருமுனையில் கேட்டுவிடும்.