தோட்ட வாரியத்தைத் தேடி

விழுப்புரம் பக்கத்து ஊர்களில் ஏரிக்கரைதான் பூங்கா. காலையில் நடக்கிறவர்கள், மாலையில் பந்து விளையாடும் பிள்ளைகள், ஆடு ஓட்டி வந்து புங்கமர நிழலில் உட்காருகிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் இடம். கூலி வாங்காமல் அதைப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குவார்கள், மழைக்கு முன் பனங்கொட்டை ஊன்றுவார்கள், குடித்துப் போட்ட பாட்டில்களைப் பொறுக்குவார்கள். இந்த வழக்கத்தின் ஆதி எது என்ற என் தேடல் பிரம்மதேசத்தில் தொடங்கியது.

பிரம்மபுரீசுவரர், பாதாளீசுவரர் என்று சோழர் காலக் கோயில்கள் இரண்டு உள்ள ஊர். பக்கத்து எண்ணாயிரத்தில் முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்த கல்லூரிக்கு 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டதைச் சொல்கிறது. இவ்வளவு பெரிய காரியத்தைக் கட்டியாண்ட சபையார் தோப்பையும் ஏரியையும் யார் பொறுப்பில் விட்டிருப்பார்கள்? தெளிவான விடை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் கிடைத்தது.

முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு எடுக்கும் குடவோலை என்றாலே நாம் தேர்தலைத்தான் பேசுகிறோம். குடும்பு எனப்பட்ட 30 ஊர்ப்பிரிவுகளிலிருந்து வந்த 30 பேரில் 12 பேர் தோட்ட வாரியம் (வாரியம் என்றால் குழு), 6 பேர் ஏரி வாரியம் என்பதில்தான் என் கண் நின்றது. மீதி 12 பேர் ஊர்ப் பொதுநிர்வாகத்துக்கான சம்வத்சர (ஆண்டு) வாரியம். முன்பே தோட்டத்தையும் ஏரியையும் பார்த்தவர்களில், கல்வியாலும் வயதாலும் மூத்தவர்களே அதற்கு வரலாம். மரத்துக்குத் தண்ணீர் விட்டுப் பழகியவன்தான் ஊருக்குத் தலைமை தாங்க முடியும். எவ்வளவு நல்ல முறை!

அதைவிடக் கடுமையான விதி ஒன்று உண்டு. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. விலக்கு அவனோடு நிற்கவில்லை. அவன் சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மனைவியின் உடன்பிறந்தான், சகோதரியின் கணவன், மருமகன் என்று உறவு முழுக்க விலக்கப்படுகிறது. பொதுநிலம் எந்த வழியாகக் கைநழுவும் என்று அனுபவப்பட்டவர்கள் எழுதிய பட்டியல் அது.

ஆனால் அந்தச் சபை பிராமணர்களின் சபை. குடத்தில் பெயர் ஏற, கால் வேலிக்கு மேல் இறைநிலமும் (வரி கட்டும் நிலம்) வேண்டும். கரைக்கு மண் சுமந்தவர்களின் பெயர் ஓலையில் ஏறவே இல்லை. அவர்களைத் தேடினால் குடிமராமத்துக்குத்தான் வரவேண்டும்: வாய்க்கால் தூர்வார, கரை பலப்படுத்த வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஊரே இறங்கிய உழைப்பு. 1858இல் மதராஸ் மாகாணத்துக்கான சட்டம் ஒன்று அதைக் கட்டாயமாக்கி, வராதவரிடம் தண்டம் வசூலிக்கவும் வழி செய்தது. விருப்பத்தோடு செய்தது எவ்வளவு, கட்டாயத்தால் செய்தது எவ்வளவு என்பதை இந்தச் சட்டத்துக்குப் பிறகு பிரித்துச் சொல்வது கடினம்.

இன்று கூலி வாங்காமல் கரையில் இறங்குகிறவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை; நிலம் உண்டா என்று கேட்பவரும் இல்லை. உத்திரமேரூரிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது கணக்கு ஒன்றுதான். நன்கொடை எவ்வளவு, டீசலுக்குப் போனது எவ்வளவு, நட்டதில் பிழைத்தது எத்தனை என்பதை ஆகஸ்ட் 15 கிராமசபையில் எழுந்து படிக்கட்டும். எதிர்க்கேள்வி வந்தால் அங்கேயே பதில் சொல்லட்டும்.