இதயம் மாற்றிக்கொண்ட அமெரிக்க கார்கள்

திருவனந்தபுரம் மேடும் பள்ளமுமான ஊர். எந்தப் பக்கம் போனாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கியர் மாற்ற வேண்டும். அந்தத் தொல்லை அதிகம் இல்லாத இடங்களில் ஒன்று, வெள்ளையம்பலத்திலிருந்து கவடியார் அரண்மனைக்குப் போகும் அகலச் சாலை. நேரான பாதை, நிழல் தரும் மரங்கள், காலையில் வேர்க்க விறுவிறுக்க நடப்பவர்கள். பழைய கார்களின் கதையை இங்கிருந்து ஆரம்பிப்பதுதான் பொருத்தம்.

ஏனென்றால் இந்த நகரத்தின் மிகப் பிரபலமான பழைய கார் அரச குடும்பத்தினுடையது. திருவிதாங்கூரின் கடைசி மகாராஜா சித்திரைத் திருநாளின் தம்பி உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, 1950களில் 12,000 ரூபாய்க்கு வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் 180டி. எண்: சி.ஏ.என். 42. 2013 டிசம்பரில் 91 வயதில் அவர் காலமானார். பல லட்சம் மைல் ஓடியதாகப் பெயர் வாங்கிய அந்தக் காரின் புகழ் அவருக்குப் பிறகும் குறையவில்லை.

அரண்மனை கார் பிழைத்துக் கிடப்பதில் ஆச்சரியமில்லை. நிறுத்த இடமும் பார்க்க ஆளும் செலவழிக்கப் பணமும் இருந்தன. அதே காலத்தில் தென்னிந்தியச் சாலைகளை ஆண்ட டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ, செவர்லே வகையறாவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவற்றில் பல, இன்னொரு வண்டியின் இதயத்தைப் பொருத்திக்கொண்டுதான் உயிர் பிழைத்தன. இன்று அவற்றுக்குச் சிக்கல் வந்திருப்பதும் அந்த இதயத்தால்தான்.

வெள்ளையம்பலத்துக்குத் திரும்பி வந்து தெற்கே இறங்கினால் வழுதக்காடு. கேரள மோட்டார் வாகனத் துறையின் தலைமை அலுவலகம் இங்கே இருக்கிறது. வண்டியில் தன்னிஷ்டத்துக்கு மாற்றம் செய்பவர்களிடம் கடுமை காட்டுவதில் நாட்டிலேயே பேர்போன துறை. வண்டியை மாற்றியமைப்பது தொடர்பாகக் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான், தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டிய சொந்த உபயோக கார்களும் இரு சக்கர வண்டிகளும் இதில் சேரலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. சான்றிதழ் பத்து ஆண்டு செல்லும். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஏற்கனவே பதிவானது பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். திருவனந்தபுரத்துக்காரர்கள் கே.எல்.டி. எண்ணை விட மனசில்லாதவர்கள் என்பதால் இது நல்ல செய்தி. ஆனால் விதியில் ஒரு முள் இருக்கிறது. வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக் கூடாது.

அசல் என்றால் எது? இந்தக் கேள்விக்குப் பதில் தேட, இந்த கார்கள் இங்கே வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

ஃபோர்டு 1926லும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928லும் இந்தியாவில் கடை விரித்தன. பெரிய இன்ஜின், தரையிலிருந்து நல்ல உயரம், அடிக்கடி கியர் மாற்றத் தேவையில்லாத இழுவை. நம் மண் சாலைகளுக்கு அமெரிக்க கார் ஒத்துப்போனதற்கு இவைதான் காரணம். நம் கிராமங்களில் கார் என்றாலே 'பிளசர்' என்றார்கள். 1947 மார்ச்சில் பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆலையிலிருந்து முதல் டாட்ஜ் வெளியே வந்தது. பிரீமியரின் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ மூன்றும் உள்ளே கிட்டத்தட்ட ஒரே கார்தான். முன்பக்க கிரில்லும் பெயர்ப் பட்டையும் வேறு. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூட்பேக்கர் கார்களைப் பூட்டி விற்றது. 1953ல் அரசு, உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு இடமில்லை என்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின.

அமெரிக்காவிலோ அப்போதுதான் கொண்டாட்டம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸில் 1927ல் வடிவமைப்புக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய ஹார்லி ஏர்ல், களிமண்ணில் மாதிரி செய்து காரை உருவாக்கும் முறைக்குப் பெயர் வாங்கித் தந்தார். போர் விமானத்தின் வாலைப் பார்த்துப் பிறந்த சிறகு 1948ல் கேடிலாக்கின் பின்பக்கம் சின்னதாக முளைத்தது. 1959ல் அது சுறாமீன் துடுப்பாக நிமிர்ந்து நின்றது. இன்னொரு பக்கம் இளைஞர்கள், 1932ல் வந்த ஃபோர்டு வி8 இன்ஜினைப் பிரித்து மேய்ந்தார்கள். விக் எடல்பிராக் போன்றவர்கள் அதற்கு அலுமினிய ஹெட், மேனிஃபோல்டு என்று வேகம் கூட்டும் பாகங்கள் செய்து விற்று, தனித் தொழிலையே உருவாக்கினார்கள். 1955க்குப் பிறகு செவர்லேயின் சின்ன வி8 இன்ஜினைத் தூக்கிப் பழைய ஃபோர்டுக்குள் இறக்குவது வழக்கமாயிற்று.

இன்ஜின் மாற்றும் வித்தை நம் பட்டறைகளிலும் நடந்தது. அங்கே வேகத்துக்காக மாற்றினார்கள். இங்கே வயிற்றுக்காக மாற்றினார்கள்.

கணக்கு எளிமையானது. டாட்ஜின் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஏறத்தாழ 3.6 லிட்டர், நூறு குதிரைசக்தியை எட்டும். குடியும் அப்படியே. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அதற்கு பெட்ரோல் ஊற்ற யாராலும் கட்டுப்படியாகவில்லை. உதிரி பாகமும் வருவதில்லை. சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் தயாரித்த பெர்கின்ஸ் டீசல் இன்ஜின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான்கு சிலிண்டர் பெர்கின்ஸுக்கு சக்தி பாதிதான்; ஆனால் டீசல் விலை குறைவு, பாகம் கிடைக்கும், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தெரிந்த இன்ஜின்.

மாற்றுவது சுலபமில்லை. இன்ஜின் உட்காரப் புது பிராக்கெட் வெல்டிங் செய்ய வேண்டும். பெர்கின்ஸின் பின்பக்கத்தையும் டாட்ஜ் கியர்பாக்ஸையும் சேர்க்க இடையில் ஒரு தகடு கடைந்து பொருத்த வேண்டும். ஆறு வோல்ட் மின்சாரத்தை பன்னிரண்டு ஆக்க வேண்டும். டீசலின் எடையைத் தாங்க முன் ஸ்பிரிங் பலமாக வேண்டும். வரைபடம் கிடையாது. கண்ணளவும் கையளவும்தான். இப்படித்தான் பம்பாய் டாக்ஸியாகவும் கல்யாண காராகவும் அவை ஓடின.

வழுதக்காட்டிலிருந்து தம்பானூர் பஸ் நிலையம் பக்கம்தான். பெர்கின்ஸ் என்ற பெயர் இந்த நகரத்துக்குப் புதிதல்ல. 1938 பிப்ரவரி 20ஆம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசு போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். லண்டன் போக்குவரத்துக் கழகத்திலிருந்து வந்த இ.ஜி. சால்டர் அதன் தலைவர். மகாராஜாவை ஏற்றிக்கொண்டு கவடியார் நோக்கிப் போன முதல் பஸ்ஸை அவரே ஓட்டினார். இங்கிலாந்திலிருந்து வந்த காமர் சேசிஸ், பெர்கின்ஸ் டீசல் இன்ஜின், மேலே உள்ளூர் ஆசாரிகள் கட்டிய மரக்கூடு. சேசிஸ் ஒரு கம்பெனி, இன்ஜின் வேறொரு கம்பெனி, பாடி நம் ஊர். அந்த பஸ்ஸை யாரும் அசல் இல்லை என்று சொன்னதில்லை.

அமெரிக்க கார்களில் நடந்த மாற்றமும் திருட்டுத்தனமானது அல்ல. இன்ஜினை மாற்றினால் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி, ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோலை அடித்து டீசல் என்று எழுதி முத்திரை வாங்க வேண்டும். அரசே கையெழுத்துப் போட்ட மாற்றம் இன்று அரசின் விதிப்படியே குறையாகிறது. பழங்கால அந்தஸ்து கிடைக்காத கார் சாதாரணப் பழைய வண்டிகளின் வரிசையில் நிற்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு சோதனை. 2022 ஏப்ரலில் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000க்கு ஏறியது. அதோடு கடல் காற்றும் இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இரண்டு மழையும் தகரத்தைத் தின்னும் ஊர் இது. அலுத்துப்போனால் காயலான் கடைதான். வசதி உள்ளவர்கள் டீசலை இறக்கிப் போட்டுவிட்டுப் பழைய பெட்ரோல் இன்ஜினை நாடெங்கும் தேடுகிறார்கள். கார் அசலாகிறது, அதை நாற்பது ஆண்டு காப்பாற்றிய மெக்கானிக்கின் கைவேலை எடைக்குப் போகிறது.

விதி வகுத்தவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கதவைத் திறந்துவிட்டால், நேற்று ஜப்பான் இன்ஜின் வைத்துப் பளபளப்பு ஏற்றிய வண்டியெல்லாம் பழங்காலம் என்று வந்து நிற்கும். அதற்கு வழி இருக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில், மாற்றியமைத்த பழைய கார்களுக்கு 'ஸ்ட்ரீட் ராட்' என்று தனிப் பதிவே வைத்திருக்கிறார்கள். நாமும் ஒரு இரண்டாம் வகுப்பு வைக்கலாம். ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்கு முன் இன்ஜின் மாறியிருக்க வேண்டும், அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. ஏமாற்ற இடமில்லை, சாட்சி சொல்லக் காகிதம் இருக்கிறது.

தம்பானூரிலிருந்து நாகர்கோவில் பஸ் பிடித்தால் கரமனை, பாப்பனங்கோடு, நெய்யாற்றின்கரை என்று தெற்கே போகும். சமஸ்தான காலத்தில் கான்கிரீட் போட்ட சாலை அது. களியக்காவிளை தாண்டினால் தமிழ்நாடு; 1956 நவம்பர் 1 வரை அதுவும் திருவிதாங்கூர்-கொச்சிதான். மண்ணே மாநிலம் மாறியிருக்கிறது, சாலை பெயர் மாறியிருக்கிறது, எண் பலகை மாறியிருக்கிறது. ஒரு காரின் இன்ஜின் மாறியதை மட்டும் மன்னிக்காமல் இருக்க என்ன காரணம்?