பிளக்கைப் பிடுங்கியவனின் வாக்குமூலம்!

ஒரு சின்னக் கேள்வி. ஆஸ்பத்திரியில யாருக்காவது துணைக்கு இருந்தப்போ, செல்போன் சார்ஜ் 2 பர்சன்ட்டுக்கு இறங்கினதும் என்ன பண்ணினீங்க? கட்டிலுக்குப் பின்னாடி குனிஞ்சு, 'எந்த பாயின்ட் காலியா இருக்கு'னு தேடினீங்கதானே? நானும் உங்க கட்சிதான். என்ன, நான் அதைக் கழுத்துல ஐ.டி. கார்டு மாட்டிக்கிட்டுப் பண்ணினேன். அதான் வித்தியாசம்!

நான் இ.சி.இ. மூணாம் வருஷம். போன டிசம்பர் லீவுல, திருச்சியில ஒரு தனியார் மருத்துவமனையோட பயோமெடிக்கல் பிரிவுல ஒரு மாச இன்டர்ன்ஷிப். 'வென்டிலேட்டரைப் பிரிச்சு மேயப்போறோம்'னு கனவோட போனா, கையில ஒரு டிரில்லிங் மெஷினையும் பத்து டேப்லெட்டையும் கொடுத்தாங்க. பி.பி., பல்ஸ், டெம்பரேச்சர் எல்லாத்தையும் சிஸ்டர்கள் இனிமே பேப்பருக்குப் பதிலா டேப்ல பதியப்போறாங்க. ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் ஒரு டேப் மாட்டணும், சார்ஜ் கனெக்‌ஷன் கொடுக்கணும். அவ்வளவுதான் வேலை.

'இதுக்கா இன்ஜினீயரிங் படிச்சோம்?'னு நொந்துக்கிட்டேன். முதல் நாளே பல்பு!

சுவர்ல ஓட்டை போட சோம்பேறித்தனம். டிரிப்ஸ் ஸ்டாண்டுலயே ஒரு கிளாம்ப் போட்டு, 60 சென்டிமீட்டர் ஆர்ம் நீட்டி, நுனியில டேப்பை மாட்டினேன். கேஸோட சேர்த்து அரைக் கிலோதான், என்ன ஆகிடும்? ஜம்முனு நின்னுச்சு. பெருமையா போட்டோகூட எடுத்தேன். வார்டு அட்டெண்டர் அண்ணன் வந்தார். போர்வை மாத்தறப்போ பேலன்ஸுக்கு அந்த ஆர்ம் மேல லேசா கையை ஊன்றினார். ஸ்டாண்டு அப்படியே சாய்ஞ்சது. நல்லவேளை, கட்டில் காலி. "தம்பி, இதுல துணி காயப்போடக்கூட முடியாது போலிருக்கே"னு சிரிச்சுட்டுப் போயிட்டார்.

ரூமுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ்ல அரியர் விழாம தப்பிச்சதோட மறந்துபோன அதே டார்க் கணக்கு! ஸ்டாண்டோட மொத்த எடை நாலு கிலோ சொச்சம். அதோட சக்கரங்கள் நடுவுல இருந்து 30 சென்டிமீட்டர் தூரம்தான் பரவியிருக்கு. நான் டேப்பைத் தொங்கவிட்டது அந்த வட்டத்துக்கு வெளியே. அரைக் கிலோவை அது தாங்கும். ஆனா, ஒரு கை அஞ்சு கிலோ அழுத்தம் கொடுத்தா கவிழத்தான் செய்யும். ஆஸ்பத்திரியில எதையும் அதோட எடைக்காக மட்டும் மாட்டக் கூடாது பாஸ். அதுமேல சாயப்போற ஆளுக்காக மாட்டணும். எழுந்திருக்கத் தடுமாறுற ஒரு தாத்தா, எது கைக்கு எட்டுதோ அதைத்தான் பிடிப்பார்!

அப்புறம் ஒழுங்கா சுவருக்கே போனேன். டி.வி., மானிட்டர் மாட்டறதுக்குன்னே 'வெசா'னு ஒரு அளவு இருக்கு. 75-க்கு 75 அல்லது 100-க்கு 100 மில்லிமீட்டர் சதுரத்துல நாலு ஓட்டை. அந்த அளவுல செஞ்ச ஆர்ம் எந்த கம்பெனியோடதா இருந்தாலும் அதுல உட்காரும். டபுள் சைடு டேப், வெல்க்ரோ எல்லாம் வேண்டாம்னு சிஸ்டர்களே சொல்லிட்டாங்க. தினமும் மருந்து போட்டுத் துடைக்கணும். வெல்க்ரோவோட முடி இடுக்குல அழுக்கு ஒளிஞ்சுக்கும். மோட்டார் கட்டிலோட தலைப்பக்கம் ஏறி இறங்கும்போது ஒயர் நசுங்காம இருக்க, அதைச் சுவரோட சேனலுக்குள்ள விட்டோம்.

எல்லாம் சரியாத்தான் போச்சு. ஐ.சி.யூ.வுக்குப் போற வரைக்கும்.

அங்கே ஒரு கட்டில்ல பெரியவர் ஒருத்தர். வெளியே பெஞ்சுல அவரோட மனைவி. என்னைப் பார்க்கிறப்போ எல்லாம், "இன்ஜினீயர் தம்பி, சாப்பிட்டியா?"னு கேப்பாங்க. அன்னிக்கு அவர் கட்டில்கிட்ட டேப்பை மாட்டிட்டேன். சார்ஜ் ஏறுதான்னு பார்க்கணும். போர்டுல எல்லா பாயின்ட்டும் ஃபுல். ஒரு ஒயர் மட்டும் கட்டிலுக்குப் பின்னாடி போய் மறைஞ்சது. 'கட்டில் மோட்டாரோடதா இருக்கும், ரெண்டு நிமிஷம்தானே'னு பிடுங்கிட்டு சார்ஜரைச் சொருகினேன். எங்கேயோ 'பீப்'னு ஒரு சத்தம். ஐ.சி.யூ.வுல பீப் சத்தத்துக்கா பஞ்சம்? கண்டுக்கலை. இன்னொரு கட்டில்ல கூப்பிட்டாங்க. போயிட்டேன். மறந்துட்டேன்.

அது சிரிஞ்ச் பம்ப்போட ஒயர்.

பி.பி.யைத் தூக்கி நிறுத்தற நார்அட்ரினலினை, மணிக்கு சில மில்லிலிட்டர் கணக்குல உள்ளே தள்ளிக்கிட்டு இருந்த பம்ப். அந்த மருந்து உடம்புல சில நிமிஷம்தான் தாங்கும். நின்னா, பி.பி. சரசரன்னு இறங்கிடும். பிளக்கைப் பிடுங்கினதும் பம்ப் நிக்கலை, பேட்டரிக்கு மாறிடுச்சு. ஆனா அது பழைய பேட்டரி. முக்கால் மணி நேரத்துல 'லோ பேட்டரி' அலாரம் அடிக்க ஆரம்பிச்சது. சிஸ்டர் ஓடி வந்தாங்க, போர்டைப் பார்த்தாங்க, என் சார்ஜரைப் பிடுங்கி எறிஞ்சுட்டுப் பம்ப்பைச் சொருகினாங்க. மருந்து ஒரு சொட்டுகூட தவறலை. பெரியவருக்கு ஒண்ணும் ஆகலை.

எனக்குத்தான் கை நடுங்குறது நிக்கவே இல்லை.

சிஸ்டர் திட்டலை. "தம்பி, நான் மூணாவது கட்டில்ல இருந்திருந்தா இந்தச் சத்தம் கேட்டிருக்காது"னு மட்டும் சொன்னாங்க. பயோமெடிக்கல் சாரும் திட்டலை. சம்பவங்களை எழுதற ரெஜிஸ்டரை எடுத்து முன்னாடி வெச்சார். "நீயே எழுது. பேர், நேரம், என்ன பண்ணினே, எல்லாம்." எழுதினேன். படிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆர்ம் எத்தனை டிகிரி திரும்பும்னு என்கிட்ட நாலு தடவை கேட்டே. அந்த பாயின்ட்ல ஏற்கெனவே யாரு இருக்காங்கன்னு ஒரு தடவையாவது கேட்டியா?"

அடுத்த ரெண்டு வாரம் அவர் சொல்லித் தந்ததுதான் நிஜமான இன்டர்ன்ஷிப். மருத்துவ மின்கருவிகளுக்குன்னு ஐ.இ.சி. 60601-னு ஒரு சர்வதேசத் தரம் இருக்கு. அதுல நோயாளியைச் சுத்தி 1.5 மீட்டர் ஒரு தனி எல்லை. அதுக்குள்ள இருக்கற கருவியில மின்கசிவு எவ்வளவு இருக்கலாம்னு கறாரான கணக்கு. நேரா இதயத்தோட தொடர்பு வைக்கற கருவின்னா, சாதாரண நிலையில 10 மைக்ரோ ஆம்பியர்தான் அனுமதி. மைக்ரோ ஆம்பியர்னா ஒரு ஆம்பியரோட பத்து லட்சத்துல ஒரு பங்கு! பிளாட்பாரத்துல வாங்கின சார்ஜருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமா?

இன்னொண்ணும் புரிஞ்சது. டேப்போட ஒயர் கால்ல மாட்டி இழுபட்டா, டக்குனு கழன்று வரணும். இல்லேன்னா டேப்பையோ ஆளையோ கீழே இழுத்துடும். பம்ப்போட ஒயரோ, யார் இழுத்தாலும் கழன்று வரவே கூடாது. ரெண்டும் ஒரே மாதிரி கறுப்பு ஒயர்தான். ஆனா, மாட்டற முறை நேர் எதிர்! கடைசி வாரம் எல்லா போர்டுலயும் எந்த பாயின்ட் எந்தக் கருவிக்குன்னு லேபிள் ஒட்டினோம். பம்ப் பாயின்ட்டுக்கு மூடி போட்டோம். டேப்புக்கு ஐ.சி.யூ.வுல தனி பாயின்ட்டே எடுத்தோம். எலெக்ட்ரீஷியன் அண்ணன்கூட உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்க்ரூவையும் நானே முடுக்கினேன்.

பெரியவர் நார்மல் வார்டுக்கு மாறினப்போ, அந்தம்மா என் கையில ரெண்டு ஆரஞ்சுப் பழத்தைத் திணிச்சாங்க. "நீங்கள்லாம் நல்லா இருக்கணும் தம்பி"னாங்க. உண்மையைச் சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. ரெஜிஸ்டர்ல எழுத முடிஞ்சது, அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியலை. அந்தப் பழத்தையும் சாப்பிட முடியலை.

அதான் உங்ககிட்ட சொல்றேன் ஃப்ரெண்ட்ஸ். அடுத்த முறை ஆஸ்பத்திரியில சார்ஜ் தீர்ந்தா, சிஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. கேன்டீன் வரைக்கும் நடங்க. போன் செத்தாகூட பரவாயில்லை, திரும்ப உயிர் வந்துடும்!