ஐந்தாம் நம்பர்

கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பு ஐந்தாம் நம்பர். அதற்குப் பிறகு 35 வருஷமாக எந்தக் கடையிலும் 'ஐந்து' என்றுதான் சொல்லி வந்தேன். ரவிக்கை அளவு எத்தனை தடவை மாறிற்று என்பது தையற்காரருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். கால் மாறும் என்று யார் கண்டார்கள்?

டாக்டர் நடக்கச் சொன்னார். ஓவேலியிலுள்ள தங்கை வீட்டுக்குப் புறப்படுமுன் ஸ்போர்ட்ஸ் ஷூ வாங்கினேன். காலை வேளை, உட்கார்ந்தபடியே போட்டுப் பார்த்தேன். சற்றுப் பிடித்தது. "போடப் போட இளகிடும்மா" என்றான் கடைப் பையன்.

ஓவேலியில் சமதரை ஏது? தேயிலைச் சரிவில் ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது உடம்பின் பாரமெல்லாம் விரல் நுனிக்கு வந்துவிட்டது. நாலாம் நாள் இரண்டு பெருவிரல் நகங்களும் நாவல்பழ நிறம்! (சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இது வலிக்காமலே கூடப் போகலாம், அவர்கள் தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.)

"இறக்கத்திலே நடந்து பார்த்துத்தான் வாங்கணும்மா" என்றாள் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து சிறுமியாக வந்தவளாம். மழையிலும் அட்டையிலும் உழன்ற கால் அல்லவா!

பாதத்தில் 26 எலும்புகள். அவற்றைப் பிணைக்கும் நார்கள் வயதாக ஆகத் தளர்கின்றன. உள்வளைவு தணிந்து பாதம் நீண்டு அகலுகிறது. குதிகாலின் மெத்தையோ மெலிகிறது. பிள்ளைப்பேறும் ஒரு காரணம். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தார் 49 கர்ப்பிணிகளின் பாதங்களை அளந்து, பிரசவத்துக்குப் பிறகும் அளந்தார்கள். பலருக்குப் பாதம் நீண்டே இருந்தது என்று 2013-ல் வெளியிட்டார்கள்.

எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. கடைசிக் காலத்தில் எந்தச் செருப்பையும் "கடிக்கிறதடி" என்று கழற்றி வைத்துவிடுவாள். "உனக்கு எதுதான் பிடிக்கும்?" என்று நானே சிடுசிடுத்திருக்கிறேன். பழைய அளவிலேயே வாங்கிக்கொண்டிருந்தோம். அவள் பாதத்தைக் காகிதத்தில் வைத்து ஒரு தரம் வரைந்து பார்க்க எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. வெறுங்காலோடுதான் கோயிலுக்குப் போய் வந்தாள்.

மறுநாள் சாயந்தரம் கூடலூர் போனோம். சாயந்தரம் கால் சற்று வீங்கியிருக்கும். அப்போதுதான் அளக்க வேண்டுமாம். நின்றபடி இரண்டு கால்களையும் அளந்தார்கள். எனக்கு வலது கால் பெரிது! நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு, குதிகால் கழலாமல் பார்த்ததில், ஆறாம் நம்பர், அதுவும் அகலமானது. ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் ஒரு இஞ்சில் மூன்றில் ஒரு பங்குதான். அதற்காகவா இத்தனை பாடு!

பழைய ஜோடியைத் தங்கை மகள் மாட்டிக்கொண்டு வாசலில் குதித்தாள். "பெரியம்மா, எனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு!"

அவளுக்கு வயது 13.