ரெண்டு கட்டை இறக்கிப் பாடினால் என்ன?



"டீச்சர், நீங்க கரோக்கி பாடுறீங்களாமே!" என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஆமாம், பாடுகிறேன். சேலையூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், புதன்கிழமை சாயங்காலம். ஆறு பேர், எல்லாரும் பென்ஷன்காரர்கள். விமானப்படைத் தளத்திலிருந்து விமானம் தலைக்கு மேல் போனால் பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம்.

வாத்தியார் புத்தி போகாதே, இதையும் சொல்லிவிடுகிறேன். கரோக்கி ஜப்பானியச் சொல். 'கரா' என்றால் காலி. 'ஓக்கே' என்பது ஆர்க்கெஸ்ட்ராவின் சுருக்கம். 1971இல் கோபே நகரத்தில் தைசுகே இனோவே என்ற இசைக்காரர் இதற்கு ஒரு பெட்டி செய்தார். காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கோடீஸ்வரர்!

பாடுவதைவிடப் பாட்டைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாடு. டிராக் பெரும்பாலும் சினிமாவில் வந்த அதே சுருதியில் இருக்கும். டி.எம்.எஸ். எட்டிய உயரத்துக்கு எங்கள் ரயில்வே நண்பர் ஏறினால் பக்கத்து மாடியில் விளக்கு எரிகிறது. சரி, ரெண்டு கட்டை இறக்கலாம். ஆனால் டூயட்டில் அது நடக்காது. சுசீலா அம்மா ஏறும் இடத்துக்கு அறுபது வயதில் நமக்குக் குரல் ஏறாது. நமக்காக இறக்கினால் ஆண் குரல் கிணற்றுக்குள் போய்விடும். இளையராஜா பாட்டில் வேறு சங்கடம். நடுவில் வரும் இசை நீளம். அதுவரை மைக்கைப் பிடித்துக்கொண்டு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்போம். இன்னொன்று, ப்ளூடூத் மைக் வாங்காதீர்கள். சத்தம் ஒரு கணம் தாமதமாக வந்து தாளத்தைக் கெடுக்கும். ஒயர் மைக்தான் நல்லது.

எங்களில் ஒருவர் தபால் துறையில் இருந்தவர். வீட்டுக்காரர் தவறி ரெண்டு வருஷம். ஆறு மாதம் லேப்டாப் பக்கத்திலேயே உட்கார்ந்து எங்களுக்கு டிராக் போட்டுக்கொடுத்தார். பாடச் சொன்னால் பக்திப் பாட்டு மட்டும்தான். ஒரு நாள் அவராகவே 'அடிமைப்பெண்' படத்து நிலாப் பாட்டு டூயட்டைக் கேட்டார். ரயில்வே நண்பரோடு பாடினார், நன்றாகவே பாடினார். அந்த வீடியோ குடும்ப குரூப்புக்குப் போனது. "புருஷன் போன வீட்ல டூயட்டா?" என்று சொந்தத்தில் ஒருவர் எழுதிவிட்டார். அடுத்த மூன்று புதன்கிழமையும் ஆள் வரவில்லை.

இனிமேல் டூயட்டே வேண்டாம், எல்லாரும் பக்திப் பாட்டே பாடலாம் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மனைவியை இழந்த ஆண் எந்தப் பாட்டையும் பாடலாம், யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லையே! 1969இல் வந்த அந்தப் பாட்டுக்கு ஒரு கதை உண்டு. பாட வேண்டிய எஸ்.பி.பி. டைபாய்டில் படுத்துவிட்டார். அப்போது அவர் புதுப் பாடகர். வேறு ஆளை வைக்காமல் அவர் குணமாகும்வரை எம்.ஜி.ஆர். காத்திருந்தார். எஸ்.பி.பி.யே பல மேடைகளில் சொன்னது. நாமும் காத்திருப்போம் என்றேன்.

நாலாவது வாரம் வந்தார். வீடியோ எடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதே பாட்டைப் போடச் சொன்னார். ரயில்வே நண்பர் மைக்கை எடுக்கப் போனபோது, "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. ஆம்பளைக் குரல் வர்ற இடம் அப்படியே காலியா இருக்கட்டும்" என்றார்.

பெண் குரல் வரும் அடிகளை மட்டும் பாடினார். மற்ற இடங்களில் வெறும் வாத்தியம் ஓடியது, அவர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. நடுவில் ஒரு விமானம் போனது. அன்றைக்கு மட்டும் பாட்டை நிறுத்தவில்லை.

இப்போது வாராவாரம் வருகிறார். போன புதன் ஒரு குத்துப் பாட்டு! வீடியோ இல்லை, கேட்காதீர்கள். கேம்ப் ரோடு பக்கம், மாடம்பாக்கம் பக்கம் இருக்கும் பிள்ளைகள் நேரில் வாருங்கள், ஐந்தரை மணிக்கு. சுண்டல் உண்டு. பாடாமல் யாரையும் கீழே இறங்க விடமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.