தூத்துக்குடி வெயிலுக்குப் பயந்து பூமிக்குள் ஒளிந்திருக்கும் கருவி!

தூத்துக்குடி முத்துநகர் கடற்கரையில் உச்சி வெயில் நேரம். மணலில் கால் வைக்க முடியவில்லை. ஆனால், கரையோரம் விளையாடும் சிறுவர்கள் ஒரு முழம் தோண்டிவிட்டு, ஜில்லென்றிருக்கும் குழிக்குள் காலை நுழைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கரையைக் காக்கும் கருவி ஒன்றும் இதே வித்தையைத்தான் நம்பியிருக்கிறது.

2004 டிசம்பர் 26. சுமத்ரா அருகே கடலடி குலுங்கியபோது இங்கே காலை ஆறரை மணி. அந்த அதிர்வு பூமிக்குள் ஓடி, ஐந்து நிமிடத்துக்குள் தமிழகத்தை எட்டிவிட்டது. சுனாமி அலை தூத்துக்குடி துறைமுகத்துக்கு வந்துசேர மூன்று மணி நேரத்துக்கும் மேலானது. துறைமுகத்தின் அலைமட்டக் கருவியில் அது பதிவாகியிருக்கிறது. இலங்கை குறுக்கே நின்றதால் இங்கே பாதிப்பு குறைவு. நாகப்பட்டினத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இடையில் கிடைத்த அந்த மூன்று மணி நேரம் ஏன் வீணானது? இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது சுனாமி எச்சரிக்கை அமைப்பே இல்லை. அதோடு, முதல் கணக்கில் அந்த நிலநடுக்கத்தின் அளவு 8.0 என்றுதான் வந்தது. உண்மையில் 9-ஐத் தாண்டியிருந்தது! பெரிய நிலநடுக்கத்தின் முழு பலம், ஒருமுறை ஆடி முடிக்கவே சில நிமிடங்கள் எடுக்கும் மிக மெதுவான அசைவுகளில்தான் தெரியும்.

வெயில் செய்யும் குழப்பம்

சீஸ்மோமீட்டர் எனும் நில அதிர்வுமானிக்குள் ஸ்பிரிங்கில் ஓர் எடை நிற்கிறது. சூடு ஏறினால் ஸ்பிரிங் தளரும், எடை மெல்ல நகரும். பெட்டிக்குள் இருக்கும் காற்று சூடாகிச் சுழன்றாலும் எடை அசையும். இதுவும் மெதுவான அசைவுதான். பூமி ஆடியதா, வெயில் ஆட்டியதா என்று பிரித்துப் பார்ப்பது சிரமம்.

அதனால்தான் கருவியைப் பாறை மேல், நிலத்தடி அறையில் வைக்கிறார்கள். இரட்டைக் கதவு, கருவியைச் சுற்றி தெர்மாகோல் பெட்டி, காற்று சுழல இடமே விடாத அடைப்பு எனப் பல அடுக்குப் பாதுகாப்பு. சில நாடுகளில் 100 மீட்டர் ஆழ்துளைக் கிணற்றுக்குள்ளும் இறக்குகிறார்கள். ஒரு மீட்டர் ஆழத்திலேயே பகல், இரவு வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

மணலும் அலையும் லாரிகளும் நிறைந்த துறைமுகக் கரை இதற்குத் தோதான இடமல்ல. பாறையும் அமைதியும் உள்ள இடம் வேண்டும். கொடைக்கானல் மலையில் 1899-லேயே நில அதிர்வுப் பதிவு தொடங்கிவிட்டது.

2007 முதல் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. பல நிலையங்களின் பதிவுகள் நொடிக்கு நொடி அங்கே போய்ச் சேர்கின்றன. அந்தப் பதிவு சுத்தமாக இருந்தால்தான், கடலுக்குப் போன வள்ளத்துக்கும் கரையில் இருக்கும் குடும்பத்துக்கும் சரியான சேதி நேரத்தோடு வரும்.

அடுத்த முறை முத்துநகர் கடற்கரைக்குப் போனால், ஒரு முழம் மணலைத் தோண்டித் தொட்டுப் பாருங்கள். அந்தக் குளிர்ச்சியில்தான் நம் பாதுகாப்பும் இருக்கிறது!