எந்த இடத்தில்?

சபாவில் பாடுகிறவரை விமர்சிக்க நாலு பேர்தான் இருப்பார்கள். கொலுவிலும் கல்யாணக் கூடத்திலும் பாடுகிறவருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. வந்திருப்பவர் எல்லாருமே விமர்சகர்கள். காசு வாங்காமல் பாடுகிறவனிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு. "நல்ல முயற்சி" என்பார் ஒருவர். "இன்னும் நாலு பாடம் கத்துண்டு பாடியிருக்கலாம்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் சாமர்த்தியசாலி. பாடினவனை விட்டுவிட்டு, பாட்டை இயற்றியவரை மட்டும் வாயாரப் புகழ்ந்துவிட்டுப் பாயசத்துக்குப் போய்விடுவார்.

எனக்கு வாய்த்தது வேறு ரகம். உறவினர் ஒருவரின் சஷ்டியப்தபூர்த்தி. சாப்பாடு முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்த நேரம். ஒரு பெண் கணீரென்று பாடி முடித்தாள். அடுத்து என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். நான் பாடி முடித்ததும், பெரிய ரசிகர் என்று ஊரில் பெயர் வாங்கிய ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் என் காதிலும் விழும்படி சொன்னார்: "ஞானம் இருக்கு, சாரீரம் இல்லை. கேக்கறதோட நிறுத்திக்கலாம்." சங்கீத வட்டாரத்தில் இதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஞானம் போதாது என்றால் கற்றுக்கொள்ளலாம். சாரீரம் இல்லை என்றால் பிறவியிலேயே விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதன்பின் பல வருஷம் ஆபீஸ், வீடு, ரேடியோ என்று காலம் போயிற்று. கச்சேரிக்குப் போனால் தாளம் போடுவதோடு சரி.

மறுபடி வாயைத் திறந்தது ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமியிடம். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே இந்தக் கதையைச் சொன்னேன். நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எந்த இடத்துல?" எந்த வரியில், எந்த ஸ்வரத்தில் சாரீரம் இல்லாமல் போயிற்று? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தீர்ப்புச் சொன்னவரைக் கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது. நாடியைத் தொடாமல் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகிற வைத்தியரிடம் என்ன மருந்து கிடைக்கும்?

மாமியின் அடுத்த கேள்வி, அன்றைக்குச் சுருதிப் பெட்டி எத்தனை கட்டையில் இருந்தது என்பது. முன்னால் பாடிய பெண்ணின் 5 கட்டையிலேயே இருந்தது. பாட்டுக்காரர்களுக்கு இது தெரிந்த கணக்குதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை 1 முதல் 7 வரை எண்ணுவார்கள். இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் 1½, 2½ என்று அரைக் கணக்கு. ஆண்கள் பெரும்பாலும் 1 கட்டையை ஒட்டியும் பெண்கள் 5 கட்டையை ஒட்டியும் பாடுவார்கள். 1 கட்டைக்காரனை 5 கட்டையில் உட்கார வைத்தால் ஏறிப் பாடினால் மேல் ஸ்தாயி எட்டாது, இறக்கிப் பாடினால் மந்தரம் தொண்டைக்குள்ளேயே புதைந்துபோகும். எது எப்படிப் போனாலும் கேட்பவருக்கு 'சாரீரம் இல்லை' என்றுதான் தோன்றும். விருந்துக்குப் போன வீட்டில் பெட்டியைத் திருப்புங்கள் என்று கேட்பது நம் பழக்கத்தில் இல்லை. அரை நிமிஷ வேலை அது.

தன் கட்டையைக் கண்டுபிடிக்க மாமி சொன்ன வழி எளியது. மந்தர ஸ்தாயிப் பஞ்சமம் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கவேண்டும். தார ஸ்தாயி மத்திமத்தைக் கழுத்து நரம்பு புடைக்காமல் தொடவேண்டும். இரண்டுக்கும் இடம் கொடுக்கிற ஷட்ஜம் எதுவோ அதுவே உங்கள் கட்டை. அபிமானப் பாடகரின் கட்டை உங்களுக்கும் பொருந்தும் என்பதில்லை. வயது ஏற ஏற அது இறங்கவும் செய்யும். நானே இப்போது 1-ஐ விட்டு அரைக் கட்டை கீழே வந்துவிட்டேன். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

கட்டை சரியானதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. மாமி வீட்டில் தஞ்சாவூர்த் தம்பூரா ஒன்று உண்டு, பலா மரத்தில் செய்தது. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நாலு தந்தி. ஜீவாளி நூலைக் குதிரையின் மேல் நகர்த்தி நகர்த்தி ஒரு இடத்தில் நிறுத்துவார். தந்தி திடீரென்று திறந்துகொண்டு ரீங்காரமிடும். அப்போது மந்தரத் தந்தியை மீட்டிவிட்டுக் காதைக் கொடுத்தால், யாரும் மீட்டாத ஒரு ஸ்வரம் மேலே மிதந்து வரும். அதுதான் அந்தர காந்தாரம். தந்தியின் அதிர்வுக்குள்ளேயே இருப்பது. ஆர்மோனியக் கட்டையில் வரும் காந்தாரத்தைவிட ஒரு நூல் கீழே நிற்கும். முதல் சில வாரம் எனக்கு அது கேட்கவே இல்லை. கேட்டதாகத் தலையாட்டினேன் என்றால் மாமி நம்பமாட்டார். "பாடிக் காட்டுங்கோ" என்பார்.

அது கேட்க ஆரம்பித்த பிறகுதான் மோகன வர்ணத்தில் என் வண்டவாளம் தெரிந்தது. செல்போனில் பதிவு செய்து, தம்பூராவோடு திரும்பப் போட்டுப் பார்ப்பேன். ஏறும்போது காந்தாரம் பத்திரமாக இருக்கிறது. 'தா பா கா ரீ' என்று இறங்கும்போது மட்டும் அதே காந்தாரம் கொஞ்சம் சரிகிறது. எல்லா இறக்கத்திலும் அல்ல. நீளமான சஞ்சாரத்தின் வாலில் மட்டும். ஏன் என்று பார்த்தால், அங்கே வரும்போது மூச்சு தீர்ந்துபோயிருக்கிறது. தீர்ந்த மூச்சில் பிடிக்கிற எந்த ஸ்வரமும் கீழேதான் உட்காரும். இரண்டு அட்சரம் முன்னால், பஞ்சமத்துக்கு முந்திய இடைவெளியில், கால் மூச்சு எடுத்தேன். காந்தாரம் நின்றது.

சாரீரமே இல்லை என்று சொல்லப்பட்ட ஒருவனுக்கு, 'இந்த இடத்தில் கால் மூச்சுக் குறைவு' என்று தெரிந்தால் அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் புரியும். தன்னம்பிக்கை என்று எல்லாரும் நெஞ்சை நிமிர்த்தச் சொல்கிறார்கள். பாடுகிறவனுக்கு அது காதிலிருந்து வருகிறது. என் பாட்டில் எது சரிகிறது என்று கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களைவிடத் துல்லியமாக எனக்கே கேட்டுவிட்டால், அவர்கள் பொத்தாம்பொதுவாகச் சொல்வது என்னைப் பெரிதாக அசைக்காது. கோபமும் வராது. அவர்களுக்குக் கேட்டதைவிடக் கூடுதலாக எனக்குக் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பதிவு செய்து கேட்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதல் தடவை நிச்சயம் அருவருப்பாக இருக்கும். பாடும்போது நம் குரல் நமக்குக் காற்று வழியாக மட்டும் வருவதில்லை. மண்டையோட்டு எலும்பின் அதிர்வு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. எலும்பு தாழ்ந்த ஒலிகளை நன்றாகக் கடத்தும். ஆகவே உள்ளே இருந்து கேட்கும் நம் குரல் சற்றுக் கனமாக, வட்டமாக இருக்கும். பதிவில் அந்தக் கனம் இல்லை. 'இந்தக் கீச்சுக்குரலா நான்?' என்ற அந்த அதிர்ச்சி பெரிய வித்வான்களுக்கும் உண்டு. பழகாத குரல் என்பதால் வருகிற வெறுப்பை, கெட்ட குரல் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டு கைபேசியை வீசிவிடக் கூடாது. கொஞ்ச நாளில் அது யாரோ ஒரு தெரிந்த ஆளின் குரல் ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் வேலை ஆரம்பம்.

தொண்டை வைத்தியங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மிளகு, அதிமதுரம், பனங்கற்கண்டு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நாம் விழுங்குவது உணவுக் குழாயில் போகிறது. குரல் நாண்கள் இருப்பது மூச்சுக் குழாயின் வாசலில். விழுங்கியது அவற்றைத் தொடுவதே இல்லை. நாள் முழுக்கத் தண்ணீர் குடித்து வந்தால் உடம்பு வழியாக அவற்றுக்கு ஈரம் போய்ச் சேரும், அது மெய். பாடுவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் வாயில் போடுகிற பனங்கற்கண்டு தைரியத்துக்கு. நானும் போட்டுக்கொள்கிறேன்.

'சாரீரம் இல்லை' என்ற என் கதையைச் சொன்னால் உடனே யாராவது எம்.டி. ராமநாதனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். செம்மங்குடி சீனிவாசய்யருக்கு முரட்டுச் சாரீரம், அசுர சாதகத்தால் வசப்படுத்தினார், 1947-லேயே சங்கீத கலாநிதி ஆகவில்லையா என்பார்கள். டைகர் வரதாச்சாரியாருக்கு மட்டும் இனிமையான குரலா என்பார்கள். எல்லாம் உண்மை. ஆனால் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்ததில்லை. அவர்கள் குருகுலத்தில் ஊறி நாள் முழுக்கச் சங்கீதத்திலேயே கிடந்தவர்கள். நான் மாலை ஆறரைக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவன். ராமநாதனிடம் என்னைப்போன்றவன் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. தன் சாரீரம் மிகத் தாழ்ந்தது என்று தெரிந்து, வழக்கமான சுருதிக்கு அதை இழுக்காமல், சுருதியை அதற்கு இறக்கினார். காலப்பிரமாணத்தை விளம்பமாக்கினார். பிருகாவுக்கு ஓடாத தொண்டைக்கு, ஒரு ஸ்வரத்தில் நின்று நிதானமாகச் சொல்கிற சங்கீதத்தைக் கட்டிக்கொடுத்தார். அன்றைக்குக் கேலி பேசினவர்கள் உண்டு. 1974-ல் பத்மஸ்ரீ வந்தது. சங்கீத கலாநிதி கடைசிவரை வரவில்லை. இருக்கிற குரலுக்கு ஏற்ற பாட்டைத் தேடுவது என்ற அளவில் அவர் எங்களைப்போன்ற வீட்டுப் பாடகர்களுக்கும் ஆசான்.

தனியாகப் பாடும் துணிச்சல் எனக்குப் பஜனை மடத்தில் வந்தது. நாமாவளியின் அமைப்பைக் கவனித்திருக்கிறீர்களா? ஒருவர் ஒரு வரி பாடுவார். கோஷ்டி அதைத் திருப்பிப் பாடும். தனியாக நிற்பது அந்த ஒரு வரி மட்டும், அதற்குள் இருபது தொண்டைகள் வந்து மூடிவிடும். ஸ்வரம் கொஞ்சம் பிசகினாலும் கோஷ்டி அதை நிமிர்த்திக்கொண்டு போகும். அடுத்த வரிக்குள் மூச்சு எடுக்க நேரம் உண்டு. பயந்தவனைப் பாடவைக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த இசைப் பள்ளியிலும் நான் பார்க்கவில்லை. சனிக்கிழமை தோறும் பின்வரிசையில் உட்கார்ந்தவனைப் பாகவதர் ஒருநாள் கண்ணாலேயே கூப்பிட்டு ஒரு வரியைக் கொடுத்தார். மற்றது தானாக நடந்தது.

திருவையாற்றில் பஞ்சரத்னம் பாடுவதும் இந்த வகைதான். புஷ்ய பகுள பஞ்சமியன்று நாட்டையில் தொடங்கி, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று காவேரிக் கரையில் அத்தனை பேரும் பாடுவார்கள். மேடைக்காரர்கள் முன்வரிசையில், நம்மைப்போன்றவர்கள் பந்தலின் ஓரத்தில். போனமுறை என் பக்கத்தில் ஒரு அம்மாள், எழுபதுக்கு மேல் இருக்கும், புத்தகம் இல்லாமல் ஐந்தையும் பாடினார். அதே இடத்தில் ஒருகாலத்தில் பெண்களைப் பாட விடவில்லை. தியாகராஜரின் சமாதிக் கோயிலைத் தன் சொந்தப் பணத்தில் கட்டிக் கும்பாபிஷேகம் செய்து வைத்த பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கே ஆராதனையில் பாட இடம் கொடுக்கவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாக நடத்தினார். தனித்தனியாக ஆராதனை நடத்திய கட்சிகள் எல்லாம் ஒன்றாகி 1940-ல்தான் ஒரே ஆராதனை ஆயிற்று. என் காதில் விழுந்த ஒற்றை வாக்கியத்தை அதன் பக்கத்தில் வைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

தனியாகப் பாட உட்காரும்போது பாட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி தைரியம். என் கணக்கு இது: அனுபல்லவியைப் பார்ப்பேன். பெரும்பாலான கிருதிகள் அங்கேதான் தார ஸ்தாயிக்கு ஏறும். வீட்டில் சாவகாசமாகப் பாடும்போது எட்டுகிற உச்ச ஸ்வரம், நாலு பேர் முன்னால் எட்டாது. படபடப்பில் மூச்சு மேலேறிக் குறுகிவிடும். ஆகவே வீட்டில் எட்டும் உயரத்துக்கு ஒரு ஸ்வரமாவது கீழே நிற்கிற பாட்டாகப் பார்த்து எடுப்பேன். முதல் வரி ஷட்ஜத்திலோ பஞ்சமத்திலோ எழும்பினால் உத்தமம், தம்பூராவே பிடித்துக்கொடுத்துவிடும். விருத்தம் சொல்லி ஆரம்பிப்பது பார்வைக்குச் சுலபம். தாளம் இல்லாததால் நடுங்குகிற குரலுக்கு அதில் ஒளிய இடமில்லை. கையில் ஆதி தாளம் ஓடினால் மனசுக்கும் ஒரு வேலை இருக்கும்.

விமர்சனத்தை இப்போது ஒதுக்குவதில்லை. சிரித்துக்கொண்டே "எந்த இடத்துல மாமா?" என்று கேட்டுவிடுகிறேன். பெரும்பாலோர் "பொதுவாச் சொன்னேன்" என்று நழுவிவிடுகிறார்கள். இடம் சொல்கிறவர் அகப்பட்டால் விடுவதில்லை. எனக்குக் கிடைத்ததிலேயே பயனுள்ளது, சங்கீதமே கற்காத என் மகள் சொன்னது: "அப்பா, சரணம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீ மூச்சு இழுக்கற சத்தம் ஹால் வரைக்கும் கேக்கறது."

ஆனால் காதை மட்டும் நம்பி எல்லா இடத்துக்கும் போய்விட முடியாது என்பதையும் சொல்லவேண்டும். இந்த வருஷம் மாமி தோடி எடுத்திருக்கிறார். மோகனக் காந்தாரத்துக்குத் தம்பூரா சாட்சி சொல்லும். தோடிக் காந்தாரத்துக்கு அப்படி எந்தத் தந்தியும் இல்லை. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருப்பதுதான் அது. பதிவைப் போட்டுக் கேட்டால் எனக்கு எல்லாம் சரியாகவே இருப்பதுபோல் படுகிறது. மாமி உதட்டைப் பிதுக்குகிறார். எந்த இடத்தில் என்று நான் கேட்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "மத்திமத்தைத் தொடறதுக்குள்ள திரும்பிடறேள். அது ஒங்களுக்கே கேக்க இன்னும் ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் என் காதை வச்சுண்டு பாடுங்கோ."